சண்டை முடியும்வரை மருந்து இல்லை

நெடுங்கரைப்பட்டியில் மருந்துகள் வேலையை நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். டீக்கடைப் பரமசிவம் கையில் கொதிக்கிற பாலைக் கொட்டிக்கொண்டு களிம்பு தடவ, களிம்பு தோலில் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு தரையில் விழுந்தது. அவர் வீட்டுக்காரி தேங்காயெண்ணெய் ஊற்றினாள், அதுவும் உருண்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கோடு படுத்திருந்த லாரி டிரைவர் அந்தோணிராசுக்கு ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில் மூன்று மணி நேரம் தொங்கியும் ஒரு சொட்டுக் குறையவில்லை. நர்ஸ் ஜெபராணி பாட்டிலைத் தட்டிப் பார்த்தாள், குழாயை மாற்றிப் பார்த்தாள், வேறு நரம்பில் குத்திப் பார்த்தாள், அலுத்துப்போய் வாங்கி வைத்திருந்த வடையைத் தின்ன உட்கார்ந்தாள். வடை சுற்றி வந்த தாளில், எண்ணெய்க்கு நடுவே, அச்செழுத்து தெரிந்தது: "சண்டை நடக்கும்போது நீ மருந்து குடிக்கக் கூடாது, கட்டுச்சோறு தின்னக் கூடாது. தின்றாலும் பலம் ஏறாது. சண்டை முடிந்த பிறகுதான் வைத்தியம்."

படித்துவிட்டு வடையையும் தின்றுவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, ஒங்களுக்கு யார்கூடயாச்சும் சண்டையா?"

"மச்சினன்கூட. வேலித் தகராறு. ஆறு வருசமா ஓடுது. ஏன் கேக்கீக?"

"ஒண்ணுமில்ல. பாட்டில் எறங்க மாட்டேங்குது, அதான்."

அந்தத் தாள் எங்கேயிருந்து வந்தது என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி வடிவு. இன்னொருத்தி கனகமணி, வடிவுடைய புருசன் ஜெயபாலின் அண்ணன் பெண்டாட்டி. இரண்டு பேரும் மூன்று வீடு தள்ளி இருந்துகொண்டு, அச்சாபீசிலிருந்து வரும் தாள்களை வீட்டிலேயே மடித்து, அடுக்கி, நூல் கோத்துக் கொடுக்கிறவர்கள். டைரி, நோட்டு, சாமி படக் காலண்டர் என்று எத்தனையோ மடித்த கைகளுக்கு அந்த மாதம் புதுமாதிரியாக ஒரு புத்தகம் வந்தது. 'ஏழு வாசல் கோட்டை' என்று பெயர். படிக்கிற பிள்ளைதான் அதில் வீரன். முதல் பத்தியைப் படித்தால், பூதத்தோடு சண்டை போடுவதென்றால் நூற்றுப் பன்னிரண்டாம் பத்திக்குப் போ, பாலத்தில் ஏறுவதென்றால் முப்பத்தெட்டுக்குப் போ என்று சொல்லும். பகடை உருட்டி, பலத்தைக் கூட்டிக் கழித்து, தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டும். தப்பான வாசலைத் திறந்தால் 'உன் சாகசம் இங்கே முடிந்தது' என்று ஒரு வரியோடு ஆளை முடித்துவிடும்.

பத்தி தாறுமாறாக ஓடினாலும் மடிக்கிறவர்களுக்குக் கவலையில்லை, அவர்கள் எண்ணைப் பார்த்து அடுக்குகிறவர்கள். அடுக்கும்போது ஒரு கட்டு மட்டும் எண்ணே இல்லாமல், ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் வெள்ளையுமாக இருந்தது. மிஷினில் மை சரிபார்க்க ஓட்டின தாள் அப்படித்தான் வரும். வடிவு ஒன்றைத் தூக்கிக் காட்டி, "யக்கா, இது வேஸ்ட்டுதான?" என்று கேட்டாள். நூலைப் பல்லில் கடித்திருந்த கனகமணி தலையை ஆட்டினாள். வடிவு கட்டைப் பாதியாக வெட்டி, மேல்பாதியை வடைக்கடைக்கு அனுப்பினாள். கீழ்பாதியைத் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் நோட்டுக்கு அட்டை போடக் கொடுத்தாள். இரண்டாயிரம் புத்தகம், விளையாட்டின் சட்டம் அச்சடித்த அந்தத் தாள் இல்லாமல், கட்டாகி லாரி ஏறிப் போய்விட்டது. புத்தகத்தில் இடம் கிடைக்காத சட்டம் என்ன செய்யும்? வீடு கிடைக்காத ஆள் மாதிரி, கிடைத்த ஊரில் குடியேறிவிட்டது.

அச்சாபீஸ் முதலாளி வந்து, புத்தகத்தில் ஒரு தாள் குறைகிறதே என்று தெருவில் நின்று கேட்ட அன்றே இவர்கள் சண்டையும் பிறந்தது.

"அவதான் ஒதுக்குனா," என்றாள் கனகமணி.

"நீங்கதானக்கா தலைய ஆட்டுனீக?"

"ஈ மொய்ச்சுது, ஆட்டுனேன். ஈய வெரட்டுனது ஒனக்கு உத்தரவாடி?"

ஒரு வாய்ச்சண்டை. இவள் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, குழாயடியில் விட்டதை ரேஷன் கடையில் பிடித்து, கடைசி வார்த்தை யாருடையது என்பதுதான் வழக்கு. செவ்வாய்க்கிழமை அந்த வடைத்தாள் கைமாறிக் கைமாறித் தெருவுக்கு வந்தபோது வடிவு அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கனகமணியும் மூடிக்கொண்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பேர், வயசு, யாரோடு சண்டை என்று மூன்று கேள்வி வந்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கையிலெடுத்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுல பேசிட்டீகளா, பேசிட்டு வாங்க, வீணாப் போகும்," என்று திருப்பி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்ததும் டீச்சர் காய் விட்டவர்களை வரிசையாக நிறுத்திப் பழம் விட வைத்தார். பிள்ளைகள் மணியடிப்பதற்குள் எதற்குக் காய் விட்டோம் என்பதையே மறந்துபோயின, அதனால் வீட்டில் பெரியவர்கள் சண்டையில்லாத பிள்ளைகளுக்கு முழங்கால் சிராய்ப்பெல்லாம் அன்றன்றே ஆறிற்று. பெரியவர்களுக்குத்தான் ஞாபகசக்தி. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரே அணி, அதில் ஒருத்தர் சண்டையிலிருந்தாலும் மற்றவருக்கும் மருந்து பிடிக்காது என்பதை ஊர் நாலாம் நாள் கண்டுபிடித்தது, அன்றைக்கே மூன்று வீட்டில் அடுப்பு இரண்டானது, ஆனாலும் மருந்து பிடிக்கவில்லை.

சமாதானம் செய்யத் தெரியாத ஊரா அது? பகையாளி வீட்டில் கை நனைத்தால் பகை முடிந்தது, அதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமை தெருவுக்குத் தெரு இலை போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த அந்தோணிராசு மச்சினன் வீட்டில் மூன்று தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் சண்டை நடக்கும்போது தின்றது சேராது என்று சட்டம் சொல்கிறது, சண்டையோ தின்றால்தான் முடியும் என்று வழக்கம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே சோறு மண்ணாக இறங்கிற்று. உப்பு இல்லை, உறைப்பு இல்லை, வயிறு நிறைந்தது, உடம்பில் ஒட்டவில்லை. கை நனைத்தார்கள், நெஞ்சு நனையவில்லை. வடிவும் கனகமணி வீட்டில் போய்ச் சாப்பிட்டாள், கனகமணியும் வடிவு வீட்டில் வந்து சாப்பிட்டாள், எழுந்து கை கழுவும்போது, "ஈ மொய்க்காத வீட்டுல ரெண்டு வாய் கூடத்தான் எறங்குது," என்றாள் கனகமணி. அவ்வளவுதான், ஈச் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது.

மறுநாள் காலை பரமசிவம் கடையில், ஓய்வுபெற்ற தபால்காரர் செல்லையா மூட்டுவலி தாங்காமல், தன்னோடு பதினைந்து வருசமாகக் கட்சிச் சண்டை போடும் கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சரிய்யா, நான் தோத்துட்டேன், போதுமா? இப்ப மாத்திரை வேலை செய்யட்டும்." சொல்லி முடித்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். கையிலிருந்த டீயில் ஆவி பறந்துகொண்டிருக்கும்போதே அவர் இல்லை. அந்தப் புத்தகத்துச் சட்டப்படி சண்டையில் தோற்றவன் செத்தவன், அவனுக்கு அடுத்த பத்தி கிடையாது. ஜெயித்த கூட்டாளி அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ஊரில் தோற்கவும் பயம், ஜெயிக்கவும் பயம். சண்டையை விடவும் முடியாமல் நடத்தவும் முடியாமல், ஜனங்கள் எதிராளி நலமாக இருக்க வேண்டுமென்று கோவிலில் விளக்குப் போட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவில்தான் வடிவின் மகள் கவிநயா, ஏழு வயசு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது துருப்பிடித்த தகரத்தை மிதித்தாள். சின்னக் காயம். மஞ்சள் வைத்தால் ஆறுகிற காயம். வடிவு மஞ்சளைக் குழைத்து வைத்தாள், மஞ்சள் உருண்டு விழுந்தது. ஊசி போட்டார்கள், மருந்து போன துளை வழியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் பாதத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு புறப்பட்டுக் கணுக்காலைத் தாண்டியது. ஜில்லா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சட்டம் ஊரில் இல்லை, ஆளில் இருந்தது. அங்கேயும் பாட்டில் இறங்கவில்லை. அங்கேயிருந்த டாக்டர் கோடு போன வழியைப் பேனாவால் குறித்துவிட்டு, "இது இடுப்பத் தொட்டுச்சுன்னா என் கையில இல்லம்மா," என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வடிவு தாள் அளக்கிற அடிக்கோலால் தினமும் காலையில் கோட்டை அளந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை. முட்டியைத் தொட்டது. முட்டியைத் தாண்டியது. பிள்ளையிடம், "எறும்பு ஊர்ந்த தடம்டி, எங்க போகுதுன்னு பாப்போம்," என்று சிரித்தாள். அடுப்படிக்கு வந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறவள் இல்லை அவள். கலியாண வீட்டில் சிரிப்பு கேட்டால் வடிவு வந்துவிட்டாள் என்பார்கள். அந்த வாய்தான் இப்போது துணியைக் கடித்துக்கொண்டு நின்றது.

ஜெயபால் தன் அண்ணனோடு கைகோத்துக்கொண்டு தெருவில் நடந்து காட்டினான். பயனில்லை. சண்டை ஆண்களுடையது இல்லை.

கோடு தொடையில் பாதி ஏறின அன்று கவிநயா, "அம்மா, கணக்கு நோட்ட எடு, படம் வரையணும்," என்று கேட்டாள். பிள்ளையின் கை சூட்டில் அட்டைத்தாளின் பசை இளகிக் கையோடு வந்தது. வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய வடிவே போட்ட அட்டை. உள்பக்கம் எழுத்து. சட்டத்தின் கீழ்பாதி. ஊர்ப்பிள்ளைகளின் நோட்டுகளிலெல்லாம் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு, ஒருத்தர் கண்ணிலும் படாமல் கிடந்த பாதி.

"சண்டையின் நடுவே நீ தப்பி ஓடலாம். முதுகைத் திருப்பியதும் எதிரியின் வெட்டு உன்மேல் விழும். தடுக்க முடியாது. உன் பலத்தில் இரண்டு குறையும். உயிர் மிஞ்சினால், சண்டை முடிந்தது."

அவள் ஜெயபாலிடம் காட்டினாள். அவன் இரண்டு தரம் படித்தான். தாளைக் கவிழ்த்து வைத்தான்.

அந்த ஊர்ச் சாமி போரில் செத்தவர். மார்பில் ஒன்பது வெட்டு. கோவில் கொடைத் திருவிழா முடியும் அன்று பூசாரி சாமிக்கல்லைத் திருப்பி முதுகைக் காட்டுவார். ஒரு கீறல் இல்லாத, எண்ணெய் மினுங்குகிற முதுகு. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஜனங்கள் வீட்டுக்குப் போவார்கள். முதுகில் காயம் என்பது அந்த ஊரில் வசவு. குழாயடியில் பெண்கள்கூட, பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் திரும்பிப் போகமாட்டார்கள். எதிரே இருப்பவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்துதான் வீட்டுக்குள் நுழைவார்கள்.

"முதுகுல வெட்டு வாங்குனவன்னு காலத்துக்கும் சொல்லுவாக, வடிவு."

"சொல்லட்டும். கேக்க நான் இருந்தாப் போதும்."

"அதுக்கென்ன அர்த்தம்?"

"ரெண்டு குறையும்னு போட்டிருக்கு. என்கிட்ட எத்தன இருக்குன்னு போடல."

அதுதான் அவளுடைய பயம். பன்னிரண்டு நாளாகச் சோறு உடம்பில் ஒட்டவில்லை. குடம் தூக்கினால் கண் இருட்டுகிறது. காலையில் வாசல்படி ஏறக் கதவைப் பிடிக்க வேண்டியிருந்தது. புத்தகத்தில் என்றால் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்கள், ஒன்பது மிச்சம், ஐந்து மிச்சம் என்று. மனுஷிக்கு எங்கே எழுதியிருக்கிறது? மூன்று இருந்தால் ஒன்று மிஞ்சும். இரண்டுதான் இருந்தால், பிள்ளை பிழைக்கும், தலை வார அம்மா இருக்கமாட்டாள்.

"நான் போறேன். நான் முதுகக் காட்டுறேன்," என்றான் ஜெயபால்.

"ஒனக்கு அவக கூடச் சண்டையில்லயே. யாருகிட்டருந்து ஓடுவ?"

பிள்ளைக்குச் சடை பின்னிவிட்டு, இரண்டு நாளைக்கு வரும்படி இறுக்கிப் பின்னிவிட்டு, மாத்திரையை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, வடிவு போனாள். காலை பத்து மணி இருக்கும். மூன்று வீடு. மூன்று மைல் மாதிரி இருந்தது.

கனகமணி தாள் மடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை மாத்திரை பன்னிரண்டு நாளாகப் பிடிக்காமல் அவள் கண் மங்கியிருந்தது. தாளின் ஓரத்தை விரலால் தடவித் தடவி மடித்தாள். நிழல் விழவும் தலையைத் தூக்கினாள்.

"யாரு? வடிவா? பிள்ளைக்கு எப்படியிருக்கு?"

"கோடு ஏறிட்டிருக்குக்கா."

"ம். என் கண்ணு எறங்கிட்டிருக்கு. வா, உக்காரு. மறுபடி சோறு தின்னு பாப்போமா?"

"வேண்டாம்க்கா. சண்ட போட வந்தேன்."

கனகமணி மடிப்பை விட்டாள். "என்னடி இது, பாயாசம் குடிக்க வந்தேங்கிற மாதிரி சொல்லுத?"

"அன்னிக்கு நீங்கதான தலைய ஆட்டுனீக."

"ஆமா, ஆட்டுனேன், ஈய வெரட்ட!" கனகமணிக்குக் குரல் தானாக ஏறிற்று, பன்னிரண்டு நாளும் அந்த இடத்தில் ஏறிப் பழகின குரல். "ஒனக்குக் கண்ணு எங்க போச்சு? வெட்டுறதுக்கு முன்ன ரெண்டு வரி படிச்சாத்தான் என்ன? பத்தாப்பு படிச்சவ, நான் அஞ்சாப்பு. சிரிக்கத்தான் தெரியும் ஒனக்கு, அவசரக் குடுக்க, அன்னிக்கு மட்டும் நீ..."

வடிவு திரும்பினாள்.

பேச்சுக்கு நடுவில், எதிராளியின் வாய் திறந்திருக்கும்போது, அந்த ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் காட்டாத முதுகைக் காட்டினாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது, நல்ல பதில், தெருவே சிரிக்கும்படியான பதில், அதை விழுங்கினாள். ஒரு எட்டு வைத்தாள். ஒன்றும் விழவில்லை. முதுகு முழுக்கக் காதாக நின்றது. வியர்வை தண்டுவடத்தில் இறங்குவது எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்தது. இரண்டாவது எட்டில், பின்னால் கனகமணி விட்ட வாக்கியத்தை முடித்தாள். "...படிச்சிருந்தா எல்லாரும் நல்லாயிருந்திருப்போம்," அவ்வளவுதான் சொன்னாள். கையில் அரிவாள் இல்லை, கத்தி இல்லை, மடித்த தாள்தான் இருந்தது.

வலது தோளிலிருந்து இடது இடுப்புவரை வெட்டு விழுந்தது. மழைக்காலத்தில் வரப்பு உடைகிற மாதிரி ஒரு சத்தம் தனக்குள்ளேயே கேட்டது. முட்டி மடிந்தது. கீழே போனால் எழ முடியாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது, அதனால் விழுகிற வேகத்தையே நடையாக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தெருவில் கோலப்பொடி விற்கிறவன் பார்த்தான், துணி காயப் போட்டவள் பார்த்தாள், ரவிக்கை கிழிந்து இரத்தம் சேலைக்கொசுவம்வரை நனைத்திருந்ததையும் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால் சண்டை மறுபடி தொடங்கிவிடுமோ என்று அவள் கழுத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று வீட்டை எண்ணினாள். மூன்று எண்ணும்போது தான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. மிஞ்சியிருக்கிறது. எவ்வளவோ, ஏதோ மிஞ்சியிருக்கிறது.

ஜெயபால் தாங்கிப் பிடித்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டுப் பிள்ளையிடம் தவழ்ந்து போய், கிண்ணத்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். இத்தனை நாளாகக் கூழாங்கல்லை விழுங்குவதுபோல முகம் மாறாமல் விழுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, மூக்கைச் சுருக்கி, கண்ணை இறுக்கி, உடம்பையே உலுக்கினாள்.

"கசக்குதும்மா."

"கசக்குதா? இன்னொருதரம் சொல்லு."

"கசக்குது. துப்பிருவேன்."

"துப்புனா அடிதான் விழும்," என்று சொல்லி வடிவு பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் கோடு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அந்த அட்டைத்தாளை அதற்கப்புறம் நெடுங்கரைப்பட்டியில் படிக்காதவர் இல்லை. அந்தோணிராசு மச்சினனுக்கு முதுகைக் காட்டினான், பிழைத்தான். இரண்டு பேர் காட்டிப் பிழைக்கவில்லை. அவர்களிடம் இரண்டுக்கு மேல் இல்லை. இருந்தாலும் மற்றவர்களும் காட்டினார்கள். இப்போது அந்த ஊர்க் குளத்தில் ஜனங்கள் குளிக்கிறபோது பார்க்கலாம், தோளிலிருந்து இடுப்புக்கு ஓடும் தழும்பு பாதி முதுகுகளில் இருக்கிறது. கொடையன்று பூசாரி சாமியின் முதுகைத் திருப்புவதில்லை. பெண் கேட்டு வருகிறவர்களிடம், மாப்பிள்ளைக்கு முதுகில் தழும்பு உண்டா, உண்டென்றால் பேசலாம் என்கிறார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்ததில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. வடிவு பாயில் குப்புறப் படுக்க மாட்டேன் என்று சுவரில் தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காயத்தை ஜெயபாலுக்குக்கூடக் காட்டவில்லை. கதவு அசைந்தது. கனகமணி. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு கையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்த கிண்ணம்.

"நான் ஒண்ணும் எடுக்கலடி. கையில தாளுதான் இருந்துச்சு," என்றாள் வாசலிலேயே நின்று.

"தெரியும்க்கா."

"தெரு பூரா ரத்தம். கண்ணு தெரியாத எனக்கே தெரியுது." கிண்ணத்தை முன்னால் நீட்டினாள். "திரும்பு. மருந்து வைக்கேன்."

வடிவின் உடம்பு சுவரோடு ஒட்டிக்கொண்டது. காலையில் திரும்பியபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகப் பயமாக இருந்தது. அப்போது என்ன விழும் என்று தெரியாது, இப்போது தெரியும். அவள் கனகமணியின் மங்கின கண்களைப் பார்த்தாள். அந்தக் கண்ணும் பயந்துபோயிருந்தது.

மெதுவாக, ஒரு கையைத் தரையில் ஊன்றி, வடிவு திரும்பி உட்கார்ந்தாள்.

பின்னால் வளையல் சத்தம் நெருங்கிற்று. மூச்சு கேட்டது. விரல் நுனி தோளில் பட்டபோது இரண்டு பேருமே ஒருமுறை நடுங்கினார்கள்.

"எரியுதாடி?"

மஞ்சள் உருளவில்லை. அங்கேயே நின்று பிடித்தது.

"எரியுதுக்கா," என்றாள் வடிவு. "நல்லா எரியுது."